எம்டனுக்கு நாலாவது புகைபோக்கி

அப்பாவைத் தோட்டத்தில் எம்டன் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, முதுகு திரும்பிய பிறகு. "எம்டன் வருது" என்று ஒரு குரல் கேட்டால் போதும், நிரைக்குள் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். அப்பா முதலில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தார், பிறகு மண்டோர் ஆனார், வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும்போது, அவர் இருமினாலே பாதிப் பேருக்குத் தூக்கம் கலைந்துவிடும் என்று அம்மா சொல்வார்.

சின்ன வயதில் எம்டன் என்பது ஒரு விலங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடும்பு வகையில் ஏதோ ஒன்று, பெரியது, மரத்திலிருந்து மேலே குதிக்கும். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்று தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்னபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

தோட்டம் இப்போது இல்லை. பால்மரத்தை அழித்துச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை அழித்து வீடு கட்டினார்கள். நாங்கள் மலேசியாவில் நிபோங் திபால் டவுனை ஒட்டிய வீடமைப்பில் இருக்கிறோம். நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கணக்கு பார்க்கிறேன். அப்பாவுக்கு 79 வயது. அம்மா போன பிறகு அவர் பேசுவது குறைந்துவிட்டது. போன அக்டோபரில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், காகிதத்தில் எம்டன் கப்பலைச் செய்யப்போகிறேன் என்று சொன்னேன். "கடுதாசிக் கப்பலா? மழைத்தண்ணியில விடவா?" என்று கேட்டுவிட்டு அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழைத்தண்ணீரில் விடும் கப்பல் இல்லை இது. ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. போலந்தில் 1957 முதல் காகித மாதிரிகளுக்கென்றே ஒரு பத்திரிகை வருகிறது. போலந்துக்காரர்கள் பெரும்பாலும் 1:200 அளவில் கப்பல் செய்வார்கள், ஜெர்மானியர்களுக்கு 1:250. நான் எடுத்தது 1:250. நிஜ எம்டன் 118.3 மீட்டர் நீளம், 13.5 மீட்டர் அகலம். காகிதத்தில் 47 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அகலம் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம் போதும். அந்த ஓரம் ஐந்து மாதம் எனக்குத் திரும்பக் கிடைக்காது என்று அப்போது தெரியவில்லை.

முதல் சறுக்கல் கத்தியை எடுப்பதற்கு முன்பே வந்தது. இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய கோப்பை டவுனில் ஒரு கடையில் அச்சடித்தேன். தடித்த தாள், 160 கிராம், லேசர் அச்சு. இங்க்ஜெட் என்றால் பசையின் ஈரம் பட்டதும் மை கரைந்து ஓடும். பாதிப் பக்கங்களை ஒரு நாளும் மீதியை மறுநாளும் எடுத்தேன். மறுநாள் கல்லாவில் இருந்த பையன் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற கட்டத்தைத் தட்டிவிட்டிருக்கிறான். கணினி எல்லாவற்றையும் 97 விழுக்காட்டுக்குச் சுருக்கிவிட்டது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு வாரம் கழித்து, வெட்டி ஒட்டிய அடித்தட்டின் மேல் மேல்தளத்தை வைத்துப் பார்த்தால் தளம் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் தப்பாக வெட்டிவிட்டேன் என்று ஓர் இரவு முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் அடிக்கோலை எடுத்து, பக்கத்தின் மூலையில் அச்சாகியிருந்த அளவுக்கோட்டை அளந்த பிறகுதான் விளங்கியது. அந்தக் கோடு எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

மறுபடி அச்சடித்தேன். அப்புறம் எலும்புக்கூடு. காகிதக் கப்பலுக்குள்ளும் எலும்புக்கூடு உண்டு: தண்ணீர்மட்டத்தில் ஓர் அடித்தட்டு, நடுவில் நீளவாட்டில் ஒரு முதுகெலும்பு, அதன் குறுக்கே விலாச்சட்டங்கள். எல்லாவற்றையும் ஒரு மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டி, வெட்டி, ஒன்றின் பிளவில் ஒன்றைச் செருக வேண்டும். மீன்பிடிக்கிற ஊர்களில் படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் சொல்வார்களாம். தோட்டத்தில் பிறந்த எனக்கு இந்த வார்த்தைகளெல்லாம் நாற்பத்தெட்டு வயதில் புதுசு. வேலை செய்யும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அணியம் சரி, அமரம் கோணல். அணியம் சரி, அமரம் இன்னும் கோணல்.

கோணலுக்குக் காரணம் எங்கள் ஊர்க் காற்று. கிரியான் ஆற்றை ஒட்டிய ஊரில் மழைக்காலத்தில் அப்பளம் கூட ராத்திரியில் துவண்டுவிடும். காகிதம் ஈரத்தைக் குடித்து வீங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அல்ல. தாளுக்கும் நார்வாட்டம் உண்டு. நாரின் குறுக்கே அதிகமாக விரியும், நாரின் போக்கில் குறைவாக. வெள்ளைப் பசையில் இருப்பதே பாதி தண்ணீர்தான். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பூசினால் காலையில் அது வாழை மட்டை மாதிரி வளைந்து கிடக்கும். என் முதல் அடித்தட்டு அப்படித்தான் போயிற்று. இரண்டாவதை அகராதிக்கு அடியில் இரண்டு நாள் வைத்து, மேலே அரிசி டின்னையும் ஏற்றினேன்.

அப்பா முதல் தடவையாக எழுந்து வந்தது நான் மடிப்புக்கோடு கீறும்போது. தாளை ஒரு கோட்டில் நேராக மடிக்க வேண்டுமானால் முதலில் அந்தக் கோட்டில் லேசாகக் கீற வேண்டும், பாதி ஆழத்துக்கு மட்டும். தாளின் கனமே சுமார் 0.2 மில்லிமீட்டர். கொஞ்சம் அழுத்தினால் துண்டாகிவிடும், அழுத்தாவிட்டால் மடிப்பு வளைந்து போகும். நான் நாலாவது துண்டையும் அறுத்துத் தள்ளியிருந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"பட்டய வெட்டு. கட்டயத் தொடாத."

அவ்வளவுதான். கத்தியை வாங்கவில்லை, உட்காரவும் இல்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. பால்மரத்தில் பால் ஓடுவது பட்டைக்குள், கட்டையை ஒட்டிய அடுக்கில். கத்தி அதன் கிட்டே போக வேண்டும், ஆனால் கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கிற வளரும் தோலைத் தொடக் கூடாது. தொட்டால் மரம் காயப்படும். காயம் ஆறும்போது முடிச்சு முடிச்சாக வீங்கும், அப்புறம் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது. இடையில் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான். அதைத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன்னே, கொசுக்கடியில், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரத்தில் செய்திருக்கிறார் இந்த மனிதர். காயம் போட்டவர்களை மண்டோராக இருந்தபோது என்ன சொல்லித் திட்டுவார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுத முடியாது.

"கைய நவுத்தாத, ஒடம்ப நவுத்து" என்றார் மறுநாள். மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே வெட்டுவார்கள். மணிக்கட்டு அசையாது, ஆள் நகர்வான். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டு, அடிக்கோலின் ஓரமாக இடுப்போடு நகர்ந்து கீறினேன். கோடு நேராக வந்தது. இதைச் சொல்லித்தரும் காணொளிகள் இருபதுக்கு மேல் பார்த்திருப்பேன், ஒருவரும் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். கொடிமரத்துக்கு நான் சாத்தே குச்சியை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தபோது விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்கை உருவிக்கொண்டு வந்து வைத்தார். ஈர்க்கு தானாகவே அடியில் தடித்து நுனியில் மெலியும், கொடிமரமும் அப்படித்தான். தேய்க்கிற வேலையே இல்லை. பீரங்கிகள் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து: முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு, பின்னால் அதே போல இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. குழல் நீளம் 4.2 மீட்டர், என் அளவில் 17 மில்லிமீட்டர். தையலூசியில் தாளைச் சுற்றி உருட்டி ஊசியை உருவ வேண்டும். பத்துக்கு இருபத்தாறு செய்தேன். ஒன்றை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. இது மிகையில்லை, பசையில் என்ன ருசி கண்டதோ.

உருட்டிக்கொண்டிருக்கும்போது கதை சொல்வேன். வேறென்ன செய்வது.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல், செப்டம்பர் 22 இரவு, எம்டன் மதராஸ் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்றது. சுமார் 125 குண்டுகள் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அரை மணிக்குள் எல்லாம் முடிந்து கப்பல் இருட்டில் போய்விட்டது. அடுத்த நாட்களில் ஊரைக் காலி செய்துகொண்டு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஓடினார்கள். உயர்நீதிமன்றச் சுவரில் ஒரு குண்டு விழுந்த இடத்தில் இன்றைக்கும் கல்வெட்டு இருக்கிறது. தமிழுக்கு ஒரு புது வார்த்தை கிடைத்தது அப்படித்தான். எப்போது வருவான், எங்கிருந்து வருவான், என்ன செய்வான் என்று தெரியாதவன் எம்டன். அந்த வார்த்தை எங்கள் ஆட்களோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்து, பால்மர நிரைகளுக்குள் நுழைந்து, கடைசியில் அப்பா மேல் விழுந்திருக்கிறது.

என் மாமா ஒருவர் இந்த இடத்தில் கட்டாயம் குறுக்கே வருவார். விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளைதான் எம்டனில் இருந்துகொண்டு மதராஸ் மேல் குண்டு போட வைத்தார் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் பிடித்த கதை. ஆனால் பிள்ளை அந்த மாதங்களில் ஐரோப்பாவில் இருந்தார், எம்டனோ ஆகஸ்டில் சீனக் கடலில் இருந்து புறப்பட்டது. மாமாவிடம் இதைச் சொன்னால் "நீ பெரிய எம்டனாயிட்ட" என்பார். சரி, விட்டுவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாதது வேறொன்று. மதராஸுக்குப் பிறகு முப்பத்தாறாவது நாள், அக்டோபர் 28 விடியற்காலையில், அதே கப்பல் பினாங்குக்கு வந்தது. அதாவது பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் பெரட்டுக்கு நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில். துறைமுகத்தில் ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. 1905-ல் ஜப்பானோடு நடந்த சுஷிமா சண்டையில் அங்கே போன ரஷ்யக் கப்பற்படையே அழிந்தபோது தப்பி வந்த கப்பல். அதன் கேப்டன் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். எம்டன் மிகக் கிட்டே வந்து, ஜெர்மன் கொடியை ஏற்றி, டார்ப்பிடோ விட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்து, தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனது.

"அவ்வளவு கிட்டக்க வர்ற வரைக்கும் இவனுங்க என்னா செஞ்சானுங்க?" என்றார் அப்பா. மண்டோரின் கேள்வி.

அங்கேதான் புகைபோக்கி வருகிறது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அதே கடலில் சுற்றிக்கொண்டிருந்த யார்மத் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்கு நாலு. தூரத்தில் தெரிகிற கப்பலை அந்தக் காலத்தில் புகைபோக்கியை எண்ணித்தான் அடையாளம் சொல்வார்கள். ஆகவே எம்டன்காரர்கள் பொய்யாக நாலாவது ஒன்றைக் கட்டினார்கள். முதலில் தட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் சரியாக இருக்கும், நேர் எதிரே வந்து பார்த்தால் வெறும் துணி. அப்புறம் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் கித்தான் துணியைப் போர்த்தி, உருண்டையாகச் செய்தார்கள். கித்தான் என்றதும் அப்பா, "கித்தாவா?" என்றார். பால்மரத்துக்கு எங்கள் வீட்டுப் பெயர் கித்தா. அவருக்குக் கொஞ்ச நேரம் கப்பலின் மேல் ஒரு ரப்பர் குழாய் நின்றுகொண்டிருந்தது.

நான் வாங்கிய மாதிரியில் மூன்றுதான் இருந்தன. நாலாவதைச் செய்வதா வேண்டாமா என்பதில் ஒரு வாரம் போயிற்று. எம்டனைச் செய்கிறவர்களில் பலர் அதைச் சமாதான கால உடையில் செய்வார்கள், வெள்ளை உடம்பும் மஞ்சள் புகைபோக்கியுமாக. கிழக்கின் அன்னம் என்று அதற்கு அப்போது பெயர். பார்க்க அழகு. ஆனால் அன்னத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு வேண்டியது இங்கே வந்த கப்பல், சாம்பல் நிறத்தில், அந்த விடியற்காலையில் இருந்தபடி. மிச்சத் தாளில் நானே வரைந்து நாலாவதை வெட்டினேன். மூன்று நிஜப் புகைபோக்கிகளுக்கும் வளையம், ஏணி, நீராவிக் குழாய் எல்லாம் தனித்தனித் துண்டுகள். பொய்யானதற்கு ஒன்றும் இல்லை, வெறும் குழல். செய்துமுடிக்கக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. நிஜங்களுக்கு ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கேப்டன் பெயர் கார்ல் ஃபோன் முல்லர், பிடித்த வணிகக் கப்பல்களில் இருந்த ஆட்களை இறக்கிவிட்ட பிறகே அவற்றை மூழ்கடித்தார், எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின என்று சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நம்மாளுங்க நல்ல பேராத்தான் வச்சிருக்கானுங்க."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு இருவரும் கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் போய், படகேறி, பினாங்கு போனோம். மேற்குச் சாலை என்று முன்பு சொன்ன ஜாலான் உத்தாமாவில் ஒரு பழைய கிறிஸ்தவக் கல்லறை இருக்கிறது. ஜெம்சுக் மாலுமிகளின் நினைவுக்கல் அங்கே. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எந்த மொழி என்று கேட்டார், ரஷ்யன் என்றேன். அதற்கு மேல் அங்கே பேசவில்லை. வெயில் கடுமையாக இருந்தது, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

திரும்பும் படகில் ஜலசந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார். "கரிக்கப்பல்தானே அது? எத்தன அடுப்பு?"

பன்னிரண்டு கொதிகலன் என்றேன். எண்ணெய் இல்லை, எல்லாம் நிலக்கரி. நடுக்கடலில் மூட்டை மூட்டையாக ஏற்றுவார்கள், பிடித்த கப்பல்களிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். இடம் போதாமல் மேல்தளத்திலும் குவித்து வைத்திருந்தார்கள்.

"யாரு அள்ளிப் போடறது?"

"அதுக்குன்னு ஆளுங்க இருந்தாங்கப்பா. கீழ."

"மேல சண்ட நடக்குறது அவனுங்களுக்குத் தெரியுமா?"

சத்தம் கேட்டிருக்கும் என்றேன். நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டன் மாட்டியது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, 15 சென்டிமீட்டருக்கும் மேல், எட்டு இருந்தன. நிஜப் புகைபோக்கி மூன்றும் சரிந்தன. முல்லர் கப்பலைப் பவழப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். 130-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இதையும் சொன்னேன். அப்பா தலையாட்டினார். பினாங்கு பின்னால் சிறியதாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கப்பலைக் கையில் எடுத்தார். அதுவரை தொட்டதில்லை. திருப்பி அடித்தட்டைப் பார்த்தார், காதருகில் வைத்து லேசாக ஆட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை என்றேன், வெறும் விலாச்சட்டம்தான். கொதிகலன் அறை, கரிக்கிடங்கு எதையும் எந்த மாதிரியிலும் செய்வதில்லை, வெளியே தெரியாதே. அவர் பதில் சொல்லாமல் கீழே வைத்தார்.

மார்ச் நடுவில் முடித்தேன். கைப்பிடிக் கம்பிகளுக்குச் சாம்பல் நிறத் தையல்நூல், வெட்டிய விளிம்புகளில் தெரியும் வெள்ளைக்கு நீர்வண்ணம். அமரம் இன்னும் லேசாகக் கோணல்தான், ஆனால் அது தெரியாத பக்கமாகச் சுவரைப் பார்த்து வைத்துவிட்டேன். ஒரு நாள் ஆலையில் லோரிகள் வரிசை கட்டி நின்றதால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிட்டது. சாமி மாடத்துச் சாம்பிராணித் தட்டின் கரித்துண்டு ஒன்று மேசை மேல் கிடந்தது, பக்கத்தில் என் சின்னத் தூரிகை, நுனியெல்லாம் கறுப்பு. எனக்குப் பகீர் என்றது.

புகைபோக்கிகளின் வாய்க்குள் கரியைக் குழைத்துப் பூசியிருக்கிறார். தாளின் பின்பக்கம் வெள்ளை அல்லவா, மேலிருந்து பார்த்தால் குழலின் உள்ளே வெள்ளை தெரியும். நான் கவனிக்கவே இல்லை. வெளியே ஒரு புள்ளி கூடச் சிந்தாமல், விளிம்பைத் தொடாமல், உள்ளுக்குள் மட்டும் கறுப்பு. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது.

நாலாவதின் வாய் வெள்ளையாகவே இருந்தது. அங்கே வந்ததும் கரி தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அதுல என்னாடா பொக?" என்றார், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.